பாபிலோனில் பிறந்தவர்கள்: ஸ்டீல் பல்ஸும் ரஸ்தஃபாரி மீட்புக் கொள்கையும்

ஸ்டீல் பல்ஸ், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் 1975-இல் உருவான ரெகே இசைக்குழு. ஹேண்ட்ஸ்வொர்த் வுட் ஆண்கள் பள்ளியில் படித்த டேவிட் ஹைண்ட்ஸ், பேசில் கேபிடன், ரொனால்ட் மெக்வீன் ஆகியோர் தொடங்கியது. ஆட்கள் வந்தும் போயும் இருந்தாலும், பாடகரும் பாடலாசிரியருமான ஹைண்ட்ஸும் கீபோர்டு வாசிக்கும் செல்வின் பிரவுனும் அதை அரை நூற்றாண்டாக நடத்திவருகிறார்கள். 1972-இல் ஐரிஷ் டெர்பி பந்தயத்தில் வென்ற குதிரை ஒன்றின் பெயரைத்தான் குழுவுக்கு வைத்தார்கள். பெயர் பந்தயத் திடலிலிருந்து வந்தாலும் பாட்டு வேதாகமத்திலிருந்து வந்தது. ரஸ்தஃபாரி நெறியை ஒதுக்கிவைத்துவிட்டு இவர்களுடைய பாடல்களைப் பேச வழியில்லை.

அந்த நெறி எழுப்பும் கேள்விகளில் இவர்களை விடாமல் பின்தொடர்ந்தது ஒன்று: மீட்பு என்பது இழந்த மண்ணுக்குத் திரும்புவதா, இருக்கும் மண்ணில் நீதி பெறுவதா? ஜமைக்காவில் பிறந்த ரஸ்தாவுக்கு, அதாவது அந்த நெறியைப் பின்பற்றுபவருக்கு, தான் சிறைப்பட்டுக் கிடக்கும் இடம் எது என்பதில் குழப்பமில்லை. பர்மிங்ஹாமில் வளர்ந்தவருக்கு அது அவ்வளவு தெளிவாக இல்லை. அவருடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து ஜமைக்காவுக்கு விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். பெற்றோரோ ஜமைக்காவிலிருந்து கப்பல் கட்டணம் கொடுத்துத் தாமாகவே இங்கிலாந்து வந்தவர்கள். இரண்டையும் ஒரே நாடுகடத்தல் கதைக்குள் அடக்க முடியுமா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ரஸ்தஃபாரி 1930களில் ஜமைக்காவின் ஏழை மக்களிடையே பிறந்தது. கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவை நோக்கித் திரும்ப வேண்டும் என்று முழங்கிய மார்கஸ் கார்வியின் இயக்கம் அதற்கு மண்ணைப் பண்படுத்தியிருந்தது. 1930 நவம்பர் 2 அன்று ரஸ் தஃபாரி மகோனென் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடி, ஹெய்லி செலாசி என்ற பெயர் ஏற்றார். யூதா கோத்திரத்துச் சிங்கம் என்பது அவருடைய அரச பட்டங்களுள் ஒன்று. வெளிப்படுத்தின விசேஷத்தில் அதே பட்டம் மீட்பருக்கு உரியதாக வருவதையும், எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையேந்தும் என்ற பொருள்பட 68-ஆம் சங்கீதம் பேசுவதையும் லெனார்ட் ஹவல் முதலான போதகர்கள் சேர்த்துப் படித்தார்கள். வாக்களிக்கப்பட்டவர் வந்துவிட்டார் என்று முடிவுகட்டினார்கள்.

இந்த வாசிப்பு முறை கவனிக்கத்தக்கது. திருச்சபைகள் பழைய ஏற்பாட்டைப் புதிய ஏற்பாட்டின் நிழலாக, ஆன்மாவின் பயணத்துக்கு உவமையாகப் படிப்பது வழக்கம். ரஸ்தாக்கள் அதைத் தங்கள் சொந்த வரலாறாகப் படித்தார்கள். எகிப்து, பாபிலோன், சிறையிருப்பு, மீட்சி எல்லாம் தங்கள் உடம்பின்மேல் நடந்தவை. முடியைச் சவரம் செய்யாத நசரேய விரதத்தை எண்ணாகமத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்து எடுத்துத் தங்கள் சடைமுடிக்கு ஆதாரமாக்கினார்கள். சீயோன் என்றால் ஆப்பிரிக்கா, அதிலும் எத்தியோப்பியா. பாபிலோன் என்றால் தங்களை அடிமைப்படுத்திய மேற்குலகம், அதன் போலீஸ், அதன் நீதிமன்றம், அதன் சர்ச். மறுமைக்குரிய மோட்சம் இந்தக் கணக்கில் இல்லை; மீட்பு இந்தப் பூமியில், கப்பலேறிப் போகக்கூடிய ஒரு நிலப்பரப்பில் இருந்தது.

ஹேண்ட்ஸ்வொர்த்தில் குடியேறிய முதல் தலைமுறையின் சமயம் வேறு. தாய்நாடு என்று சொல்லி வளர்க்கப்பட்ட இங்கிலாந்தில் வெள்ளையர் சர்ச்சுகள் பலவற்றில் கிடைத்த குளிர்ந்த வரவேற்பைக் கண்டு, அவர்களில் பலர் பெந்தெகொஸ்தே சபைகளை அமைத்துக்கொண்டார்கள். உலைக்களத்திலும் பேருந்திலும் மருத்துவமனையிலும் ஆறு நாள் உழைப்பு, ஏழாம் நாள் தொழுகை, துன்பத்துக்கு ஈடு பரலோகத்தில். பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இல்லாமற்போனதற்குக் காரணம் உண்டு. அரசியல்வாதி ஈனாக் பவல் குடியேறிகளுக்கு எதிராக ஆற்றிய இழிபுகழ் பெற்ற உரை 1968 ஏப்ரலில் நிகழ்ந்தது இதே பர்மிங்ஹாமில்தான். 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தைக் கொண்டு, குற்றம் செய்யக்கூடும் என்ற சந்தேகத்தின்பேரில் மட்டுமே இளைஞரைத் தெருவில் பிடிக்க 1981 வரை போலீசால் முடிந்தது. ஹேண்ட்ஸ்வொர்த் காவல் நிலவரம் பற்றி 1977-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, சடைமுடியும் சிவப்பு, பொன், பச்சை நிறத் தொப்பியும் அணிந்த இளைஞரைக் குற்றக் கும்பலாகவே சித்தரித்தது. சமயச் சின்னமே சந்தேகத்துக்கு அடையாளமாகிவிட்டபோது, பாபிலோன் என்ற சொல்லுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

மீட்பை வரலாற்றுக்குள் இறக்கிவைத்த சமயம் வரலாற்றின் அடிகளையும் வாங்கியாக வேண்டும். குழு தொடங்கிய 1975-ஆம் ஆண்டு ரஸ்தஃபாரிக்கு மிகக் கொடியது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் ராணுவம் ஹெய்லி செலாசியை அரியணையிலிருந்து இறக்கியிருந்தது. 1973-இன் வொல்லோ பஞ்சத்தை அவருடைய அரசு மூடிமறைத்தது என்ற கோபம் அந்தக் கவிழ்ப்புக்கு வலுச் சேர்த்திருந்தது. ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப விரும்பும் கறுப்பினத்தவருக்கென எத்தியோப்பியாவின் ஷாஷமனேயில் அவர் 1948-இல் ஒதுக்கிய நிலத்தின் பெரும்பகுதியைப் புதிய அரசு நாட்டுடைமையாக்கியது. 1975 ஆகஸ்டில் அவர் இறந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. தேவனும் போனார், வாக்களிக்கப்பட்ட நிலமும் சுருங்கியது. தருக்கப்படி பார்த்தால் ரஸ்தஃபாரி அந்த ஆண்டோடு முடிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு, பிரிட்டனில் அது பரவத் தொடங்கியதே அந்த ஆண்டுகளில்தான்.

இதற்கு ரஸ்தாக்கள் தந்த விடைகள் பலவகை. மரணச் செய்தியே பாபிலோனின் பொய் என்றார்கள் சிலர். உடல் மறைந்தாலும் தெய்வம் மறையாது என்றார்கள் சிலர். ஆழமான விடை, ஒவ்வொரு மனிதருக்குள்ளும் ‘ஜா’ எனும் இறைவன் உறைகிறான், ஆகவே தன்னையும் பிறரையும் இறைவனையும் பிரித்துப் பேச இடமில்லை என்ற அவர்களுடைய உள்ளுறைக் கொள்கையிலிருந்து வந்தது. பேரரசரோ கடைசிவரை எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையின் பற்றுள்ள கிறிஸ்தவராகவே இருந்தார். தம்மைத் தெய்வமென்று கொண்டாடியதை அவர் ஏற்றதில்லை. இத்தாலியப் படையெடுப்பால் நாடிழந்து 1936 முதல் 1940 வரை அவர் அகதியாக வாழ்ந்ததும் இங்கிலாந்தில்தான், பாத் நகரத்து ஃபேர்ஃபீல்டு இல்லத்தில். பர்மிங்ஹாம் ரஸ்தாக்கள் வணங்கிய தெய்வமும் அவர்களைப் போலவே இங்கிலாந்தின் குளிரில் நாளெண்ணிக் கிடந்தவர் என்பதை இறையியலாளர்கள் இன்னும் அதிகம் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம்.

ஸ்டீல் பல்ஸின் பதில் முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. 1978-இல் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்டு, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்த அந்த ஆல்பத்தின் பெயர் ‘ஹேண்ட்ஸ்வொர்த் ரெவல்யூஷன்’. ஜமைக்காவின் ரெகே பாடகர்கள் கிங்ஸ்டனின் சேரிகளைப் பெயர்சொல்லிப் பாடியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஒரு பேருந்துத் தட வட்டாரம் மீட்பு வரலாற்றில் இடம் பெறுவது அதுவரை கேள்விப்படாதது. பாபிலோன் சரியும் இடமாகவும் புதுவாழ்வு முளைக்கும் இடமாகவும் ஒரே தெருவைக் காட்டுவதன்மூலம், ஆப்பிரிக்காவுக்குப் பயணச்சீட்டு எடுப்பதை அந்த ஆல்பம் சத்தமில்லாமல் தள்ளிப்போடுகிறது. ஆப்பிரிக்காவை அது மறுக்கவில்லை. ‘பிராடிகல் சன்’ என்ற பாடல் லூக்காவின் கெட்ட குமாரன் உவமையை எடுத்து, வேரை மறந்த கறுப்பினத்தவரைத் திரும்பச் சொல்கிறது. உவமை முழுமையாகப் பொருந்தவில்லை. கெட்ட குமாரன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு விருப்பத்தோடு வெளியேறியவன். அடிமைக் கப்பலில் யாரும் அப்படி ஏறவில்லை. ஆனால் இங்கிலாந்துக்கு வந்த இரண்டாம் பயணத்துக்கு அது ஓரளவு பொருந்துகிறது. அங்கே திரும்புதல் என்பது மனத்தின் திசைமாற்றம்; கால்கள் ஹேண்ட்ஸ்வொர்த்திலேயே நிற்கலாம்.

இசையின் அமைப்பும் இந்த இரட்டை இருப்புக்கு இசைவாகவே இருக்கிறது. ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் முதல் எண்ணிக்கை வெறுமையாக விடப்படும். பெரிய முரசின் அடி மூன்றாவதில் விழும். கிட்டார் வெட்டுகள் எண்ணிக்கைகளுக்கு நடுவே வரும். கேட்பவர் எதிர்பார்க்கும் இடத்தில் ஒலி வராது, ஆனாலும் கட்டமைப்பு குலையாது. இந்தப் பொது இலக்கணத்தின்மேல் ஸ்டீல் பல்ஸ் தன் அடையாளத்தை ஏற்றியது: கார்ல் பிட்டர்சன் தயாரிப்பில் துல்லியமாகப் பிரிந்து ஒலிக்கும் கருவிகள், ஜாஸ் வாடையடிக்கும் சுரக் கூட்டுகள், சர்ச்சில் கேட்டு வளர்ந்த காதுகளுக்கே வாய்க்கும் பல குரல் இணைப்பு. ஹைண்ட்ஸின் குரல் உயர்ந்து நடுங்கும். பின்குரல்கள் சபை மக்களைப் போல அதற்கு மறுமொழி சொல்லும். பெற்றோரின் பெந்தெகொஸ்தே வழிபாட்டை உள்ளடக்கத்தில் மறுத்தவர்கள் வடிவத்தில் அதைக் கைவிடவில்லை என்றே தோன்றுகிறது.

1978-இலேயே வந்த ‘கு கிளக்ஸ் கிளான்’ பாடலை அவர்கள் வெள்ளை முக்காட்டு அங்கிகளை அணிந்தே மேடையில் பாடினார்கள். அமெரிக்க இனவெறிக் கும்பலின் உடையைக் கறுப்பின ரஸ்தாக்கள் அணிந்து நின்ற காட்சி அன்றைய பார்வையாளரை உலுக்கியது. தீமையைப் பற்றிய ஒரு தத்துவ நிலைப்பாடு அதில் இருந்தது. முகமில்லாத அமைப்பாகத் தீமை இயங்கும்போது அதற்கு முகம் கொடுத்து, வெளிச்சத்தில் நிறுத்தி, கேலிக்குள்ளாக்குவது. அச்சத்தின் அங்கி வெறும் துணி என்று காட்டுவது. பாபிலோன் தொலைதூரப் பேரரசு என்றிருந்த கருத்து, பக்கத்து வீட்டுக்காரர் இரவில் அணியக்கூடிய அங்கி என்ற அளவுக்கு நெருங்கிவந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் என்ற கொள்கைக்கும் எல்லோருக்குமான நீதி என்ற கொள்கைக்கும் இடையிலான இழுபறியும் அப்போதே தொடங்கிவிட்டது. 1976-இல் பர்மிங்ஹாம் ஓடியன் மேடையில் ராக் இசைக்கலைஞர் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதன் எதிர்வினையாக ‘ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் எழுந்தது. அதன் 1978 ஏப்ரல் 30 பெருவிழாவில், லண்டன் விக்டோரியா பூங்காவில், கிளாஷ் முதலிய பங்க் குழுக்களோடு ஸ்டீல் பல்ஸும் பாடியது. பர்மிங்ஹாமின் சில கேளிக்கை விடுதிகள் ரஸ்தாக்கள் என்பதற்காகவே இடம் மறுத்த நாட்களில், அவர்களை வரவேற்றவர்கள் கிழிந்த சட்டையும் முள்போல் நிமிர்த்திய தலைமுடியுமாக அலைந்த வெள்ளை இளைஞர்கள். வெள்ளையர் அனைவரும் பாபிலோன் என்ற கடும் வாசிப்பு அந்த மேடைகளில் நிலைத்திருக்க முடியவில்லை. பர்மிங்ஹாமிலேயே 1978-இல் தோன்றிய யூபி40 குழு, வேலையற்றோர் உதவிப் படிவத்தின் எண்ணைப் பெயராகச் சூட்டிக்கொண்டு, இறையியலே இல்லாத ரெகேயைப் பாடி உலகப் புகழ் பெற்றது. ஸ்டீல் பல்ஸ் அந்தச் சுலபமான வழியை எடுக்கவில்லை; கூட்டாளிகளின் எல்லையை விரித்தது, வேதத்தைக் கீழே வைக்கவில்லை.

1979-இல் வந்த ‘டிரிப்யூட் டு தி மார்ட்டர்ஸ்’ இவர்களுடைய ஆல்பங்களில் தத்துவ நோக்கில் மிகச் செறிவானது. ரஸ்தஃபாரி மரபு மரணத்தைப் பேச விரும்பாது. உண்மையான ரஸ்தா அழிவில்லா வாழ்வுக்குரியவர். பழைய நெறியாளர் பலர் சவ அடக்கத்துக்கும் போகமாட்டார்கள். அந்த மரபில் நின்றுகொண்டு ஸ்டீல் பல்ஸ் ஓர் ஆல்பத்தையே இறந்தவர்களுக்குக் காணிக்கையாக்கியது. தென்னாப்பிரிக்கக் காவலில் 1977-இல் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவுக்கு ஒரு பாட்டு. 1971-இல் அமெரிக்கச் சிறையில் சுடப்பட்ட ஜார்ஜ் ஜாக்சனுக்கு ஒரு பாட்டு. இருவரும் ரஸ்தாக்கள் அல்லர். இங்கே அழிவின்மை என்பதன் பொருள் மாறுகிறது: உடல் சாகாதிருப்பதைவிட, பெயர் சொல்லி அழைக்கப்படுவது முக்கியமாகிறது. பேரரசரின் மரணம் விட்டுச்சென்ற முடிச்சை இது ஓரளவு அவிழ்க்கிறது. அரியணையில் அமர்ந்த தெய்வத்தை மட்டும் நம்பியிருந்தால் 1975 ஒரு பேரிடி. தெருவிலும் சிறையிலும் வீழ்ந்தவர்களிடம் தெய்வத்தைக் காண்பவருக்கு எந்த ஒரு மரணமும் முடிவாகாது. தீர்க்கதரிசனங்களைப் பற்றிய இவர்களுடைய பாடல்களைவிட இந்த இரங்கற்பாக்களே வலுவான இறையியல்.

அடுத்து வந்த ‘காட் யூ’ (1980) நடனத்துக்கும் காதலுக்கும் திரும்பிய இலகுவான ஆல்பம். அதன்பின் ஐலண்ட் நிறுவனத்துடனான உறவும் முடிந்தது. டென்மார்க்கில் பதிவான ‘ட்ரூ டெமாக்ரசி’ (1982) குழுவை மீட்டது. அதன் முதல் பாடல் சங்கீதங்களை ஓதச் சொல்கிறது. மோசேயும் தாவீதும் பெற்ற வலிமையை வரலாற்றுச் செய்தியாகச் சொல்லாமல், ஓதுவதன்வழி எவரும் எட்டக்கூடிய ஒன்றாக வைக்கிறது. இன்னொரு பாடல் கார்வியின் கொடியின்கீழ் ஒன்றுதிரளச் சொல்கிறது. ஓதுதலும் திரளுதலும் ஒரே ஆல்பத்தில் அருகருகே நிற்கின்றன. 1981 ஜூலையில் ஹேண்ட்ஸ்வொர்த்தில் கலவரம் வெடித்திருந்தது. 1985 செப்டம்பரில் மீண்டும், இம்முறை அஞ்சலகத்தில் இரு தெற்காசியச் சகோதரர்கள் தீயில் மாண்டார்கள். 1978-இல் ரெவல்யூஷன் என்று பாடியவர்களுக்கு இது எளிதில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. பாபிலோனின் வீழ்ச்சியைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்றால் மனிதச் செயலுக்கு இடமில்லை. மனிதரே வீழ்த்த வேண்டும் என்றால், எரிவது பெரும்பாலும் பாபிலோனின் மாளிகையாக இருப்பதில்லை, இன்னொரு குடியேறியின் கடையாக இருக்கிறது. அவர்களுடைய பாடல்கள் இந்த இரண்டுக்கும் நடுவிலேயே ஊசலாடுகின்றன.

‘பாபிலோன் தி பேண்டிட்’ (1986) ஆல்பத்தில் ‘நாட் கிங் ஜேம்ஸ் வெர்ஷன்’ என்ற பாடல் வேதத்தின் அதிகாரத்தையே கேள்விக்குள்ளாக்குகிறது. 1611-இல் இங்கிலாந்து மன்னரின் ஆணையில் வெளியான மொழிபெயர்ப்பு கறுப்பின மக்களின் பங்கை மறைத்துவிட்டது என்பது அதன் குற்றச்சாட்டு. ஆனால் ரஸ்தாக்கள் தங்கள் சொல்வளத்தையும் சங்கீதங்களின் ஓசையையும் பெற்றது அதே நூலிலிருந்துதான். ஒடுக்கியவனின் கையிலிருந்து வாங்கிய புத்தகத்தைக் கொண்டே ஒடுக்கியவனை நியாயந்தீர்ப்பது முரண்பாடுதான். இருந்தும், பெற்ற வேதத்தைத் திருத்தி வாசிக்கும் உரிமையைக் கோராத சீர்திருத்த இயக்கம் சமய வரலாற்றில் அரிது. அந்த ஆல்பம் கிராமி விருது பெற்றது. ரெகே பிரிவில் அவ்விருதைப் பெற்ற முதல் ஜமைக்கர் அல்லாத குழு இதுவே. பாபிலோனைக் கொள்ளைக்காரன் என்று ஏசிய ஆல்பத்துக்குப் பாபிலோனின் இசைத்தொழில் பரிசளித்ததைப் பலர் நகைமுரணாகச் சுட்டியிருக்கிறார்கள். பெரிய சங்கடம் ஆல்பத்தின் ஒலியிலேயே இருந்தது. வானொலிக்கென மெருகேற்றிய சிந்தசைசர் பளபளப்பில் பாடல்களின் கோபம் பாதி கரைந்துவிடுகிறது.

ரஸ்தஃபாரி சமயமா, இனமா என்ற கேள்வி இதற்கிடையே பிரிட்டிஷ் நீதிமன்றங்களுக்கும் வந்தது. பர்மிங்ஹாம் பள்ளி ஒன்று தலைப்பாகை அணிந்த சீக்கிய மாணவரைச் சேர்க்க மறுத்த வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழு என்று பிரபுக்கள் சபை 1983-இல் தீர்ப்பளித்தது. நீண்ட பொது வரலாறும் தனிப் பண்பாட்டு மரபும் அதற்கு அளவுகோல்கள். சடைமுடியை வெட்ட மறுத்ததால் ஓட்டுநர் வேலை கிடைக்காத ஒரு ரஸ்தாவின் வழக்கில், 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே அளவுகோலை வைத்து எதிரான முடிவுக்கு வந்தது. அறுபதாண்டு வரலாறு போதவில்லை. யாத்திராகமம் முதல் தங்கள் வரலாற்றை எண்ணும் மக்களுக்கு 1930 முதல் எண்ணும் நீதிமன்றம் சொன்ன விடை அது. வேலையிடத்தில் சமய நம்பிக்கைக்கே தனிப் பாதுகாப்பு 2003-இல்தான் வந்தது.

தொண்ணூறுகளில் ஸ்டீல் பல்ஸ் பாபிலோனின் மன்றங்களை ஒதுக்கவில்லை, பயன்படுத்தியது. கறுப்பினத்தவரையும் சடைமுடியினரையும் ஏற்றிக்கொள்ளாத நியூயார்க் டாக்சிகள் குறித்து அந்நகரின் டாக்சி ஆணையத்தின்மீது குழுவினர் வழக்குத் தொடுத்தார்கள். 1993 ஜனவரியில் பில் கிளின்டன் பதவியேற்பு விழாக் கொண்டாட்டத்தில் பாடினார்கள். சமரசம் என்று இதைக் குறை கூறியவர்கள் உண்டு. பாபிலோனிய அரசவையில் உயர்பதவி வகித்தும் முழந்தாளிடும் திசையை மாற்றாத தானியேல், இவர்கள் படித்த அதே வேதத்தில்தான் இருக்கிறார்.

‘ஆப்பிரிக்கன் ஹோலகாஸ்ட்’ (2004) வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து ‘மாஸ் மேனிபுலேஷன்’ (2019) வெளியாயிற்று. ஆள்கடத்தலையும் போலீஸ் துப்பாக்கிச் சூடுகளையும் பேசும் அந்த ஆல்பத்தில் சீயோன் ஒரு நாட்டின் பெயராக ஏறக்குறைய வருவதே இல்லை. திரும்பிப்போவதைவிட எழுந்து நிற்பதே அதன் பேச்சு. அதில் பிறர் பாடல் ஒன்றும் உண்டு: பாடகர் ஸ்டீவ் வின்வுட்டின் ‘ஹையர் லவ்’, ரஸ்தா அன்பு என்ற துணைத்தலைப்போடு. வின்வுட் வெள்ளையர், ஹேண்ட்ஸ்வொர்த்தில் பிறந்தவர். அவருடைய மூலப் பாடல் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமியைப் பெற்றது 1987-இல், ஸ்டீல் பல்ஸ் விருது பெற்ற அதே விழாவில்.